குத்துக்கு ஒரு சிலந்தி

நெல்லில் புகையான் விழுந்தால் எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு சொல்கிறது. தூருக்கு ஒரு பூச்சி தென்பட்டால் பொருளாதாரச் சேத நிலை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலானால், தூருக்கு இரண்டு பூச்சி ஏறும்வரை பொறுக்கலாம். எட்டுக்கால் உயிர் ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இரண்டு மடங்கு மாறுகிறது. வேளாண் பரிந்துரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பயிரை மட்டும் பார்க்காமல், பயிரைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அது கேட்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதே.

புகையான் ஒரு பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு, வட்ட வட்டமாகப் பயிர் கருகிய பிறகே விஷயம் புரியும். பெண் பூச்சி தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அந்த முட்டைகளை எட்டுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து தத்துப்பூச்சிகளைத் தின்னக்கூடிய ஓநாய்ச் சிலந்தி அதே மருந்தில் செத்துவிடும். இலையுறைக்குள் அலகை நுழைத்து முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடும். சில நாட்களில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தடுக்க வயலில் ஆளில்லை. மருந்தடித்த வயலில்தான் புகையான் அடுத்த முறை இன்னும் கூட்டமாக வந்தது என்று விவசாயிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதை ஒரு நாடே அனுபவித்துக் கற்றுக்கொண்டது. பசுமைப் புரட்சி விதைகளோடு மானிய விலையில் பூச்சிக்கொல்லியையும் அள்ளிக் கொடுத்த இந்தோனேசியாவில், 1976-77இல் புகையான் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை அழித்தது. எதிர்ப்புத் திறன் கொண்ட புதிய ரகங்கள் கொஞ்ச காலம் காப்பாற்றின. பிறகு அவற்றையும் புகையான் மீறியது. 1980களின் நடுவில் ஜாவாவில் மறுபடியும் வயல்கள் கருகின. அப்போது பூச்சிக்கொல்லியின் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார்: 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு இனிப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் முழுமையாக நின்றது. மருந்துப் பயன்பாடு பெருமளவு குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. 1989இலிருந்து ஊர் ஊராக உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. அங்கே விவசாயிகள் வாரா வாரம் வயலில் இறங்கி, தூரைப் பிரித்துப் பார்த்து, கெடுதல் செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணிப் படம் வரைந்து, அதை வைத்து முடிவெடுக்கக் கற்றார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நட்டு இரண்டு வாரமே ஆன வயலில் புகையான் இன்னும் வரவில்லை. இலைச்சுருட்டுப் புழுவும் இல்லை. அப்படியானால் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது?

வில்லியம் செட்டில் என்ற பூச்சியியலாளரும் அவருடைய சகாக்களும் ஜாவா வயல்களில் இதற்கு விடை தேடி 1996இல் வெளியிட்ட ஆய்வு, நெல் வயலைப் பற்றி நம்மிடமிருந்த சித்திரத்தையே மாற்றியது. வயலில் தண்ணீர் கட்டியதும், மண்ணில் கிடக்கும் மட்கும் பொருட்களைத் தின்னும் உயிர்களும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் உயிர்களும் முதலில் பெருகுகின்றன. சேற்றில் வளரும் கடிக்காத கொசுக்களும் சின்னஞ்சிறு ஈக்களும் இவற்றில் அடக்கம். இவற்றுக்குப் பயிரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நெல்லுக்கு நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் கணக்கில் எடுக்காமல் விட்ட உயிர்கள் அவை. ஆனால் சிலந்திகளின் முதல் சாப்பாடு அவைதான். பயிர்ப்பூச்சிகள் வந்து சேர்வதற்கு முன்பே சிலந்திப் படை வயிறு நிறைந்து, குஞ்சு பொரித்து, பெருகி நிற்கிறது. செட்டில் குழு சில வயல்களில் கூடுதலாக மட்கும் பொருளைச் சேர்த்துப் பார்த்தது. அந்த வயல்களில் இந்தச் சிறு உயிர்கள் கூடின, அவற்றைத் தொடர்ந்து இரைவிழுங்கிகளும் கூடின. பருவத்தின் தொடக்கத்திலேயே மருந்தடித்த வயல்களில் இந்தச் சங்கிலி அறுந்து, பின்னால் தத்துப்பூச்சி பெருகியது.

ஆகவே குத்துக்கு ஒரு சிலந்தி என்பது சிலந்தியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. போன மாதம் அந்த வயலுக்குத் தொழு உரமோ தக்கைப்பூண்டோ போனதா, தண்ணீரில் உயிர் இருக்கிறதா, கடந்த சில வாரங்களில் அங்கே என்ன தெளிக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் சேர்ந்திருக்கின்றன. உணவுச் சங்கிலியின் மேல்படியில் இருக்கும் உயிரை எண்ணினால் கீழ்ப்படிகள் எல்லாவற்றையும் ஓரளவு எண்ணியதாக ஆகிறது. முதுகெலும்பற்ற சிறு உயிர்களைச் சுட்டிகளாகக் கொள்வதன் அடிப்படை இதுதான்.

ஜப்பான் இதை அரசு நடைமுறையாகவே ஆக்கியது. 2012இல் அந்நாட்டு வேளாண் அமைச்சகமும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டன. நெல் வயலின் நலத்தை அளக்க அவை தேர்ந்தெடுத்த உயிர்களில் நீள்தாடைச் சிலந்தி, ஓநாய்ச் சிலந்தி, தட்டான், நீர்வண்டு, தவளை ஆகியவை உண்டு. வலையை இத்தனை முறை வீச வேண்டும், இத்தனை குத்துகளின் அடியைப் பார்க்க வேண்டும் என்று முறை வகுத்து, எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்து, வயலைத் தரம் பிரிக்கிறார்கள். பின்னர் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயல்களில் செய்த ஆய்வில், இயற்கை வேளாண் வயல்களில் நீள்தாடைச் சிலந்தியும் செந்தட்டானும் மற்ற வயல்களைவிடக் கூடுதலாக இருந்தது 2019இல் பதிவானது. ஜப்பானியர் செந்தட்டானில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு ஒரு வேதனையான காரணம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்த அந்தத் தட்டான் 1990களில் பல இடங்களில் வெகுவாகக் குறைந்துபோனது. நாற்றுத் தட்டிலேயே இடப்படும் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் தண்ணீரில் வளரும் தட்டான் குஞ்சுகளைக் கொல்வதைச் சோதனைகள் காட்டின. அந்த மருந்துகள் இன்று நம் கடைகளிலும் கிடைப்பவை.

சிலந்தி எண்ணிக்கையை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். ஜாவாவிலேயே, பரந்த நிலப்பரப்பில் ஒரே நேரத்தில் நட்டு, அறுவடைக்குப் பிறகு நெடுநாள் காயப் போடும் பகுதிகளில் இரைவிழுங்கிகள் தாமதமாகவே வந்து சேர்ந்தன. அங்கே நடவு முடிந்த புதிதில் சிலந்தி குறைவாக இருந்தால் உழவரின் மேல் பழி போட முடியாது. வரப்பில் புல் இல்லாமல் செதுக்கி வைப்பதும் சிலந்தி ஒதுங்கும் இடத்தைப் பறிக்கிறது.

இனி சேற்றை விட்டு மண்ணுக்கு வருவோம்.

2015இல் நடுவண் அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். பயனுள்ள அட்டை, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. மாதிரி எடுக்கும் முறையே அப்படி. அரைக் கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, சலித்து, பையில் கட்டி அனுப்புகிறோம். அதில் ஓடியது, நெளிந்தது எல்லாம் அதற்குள் போய்விடும். மிஞ்சும் சத்துகளின் அளவு ஆய்வகத்துக்குத் தெரிகிறது. அந்த மண்ணில் தண்ணீர் இறங்குமா, வேர் இறங்குமா, போட்ட குப்பை மட்குமா என்பதை அந்தப் பை சொல்லாது. இந்த வேலைகளைச் செய்பவர்கள் பைக்குள் இல்லை.

அவர்களில் மண்புழுவை முதலில் அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். இங்கிலாந்தில் தன் வீட்டருகே ஒரு நிலத்தின் மேல் 1842இல் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் கழித்துக் குழி வெட்டிப் பார்த்தார். அந்த வெள்ளைப் படலம் ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தது. புழுக்கள் கீழ் மண்ணைத் தின்று மேலே கழித்துக் கழித்து அதைப் புதைத்திருந்தன. ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய்வரும் நிலங்கள் உண்டு என்று 1881இல் அவர் எழுதினார். அதுவே அவருடைய கடைசி நூல்.

மண்புழு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவற்றில் மூன்று வகை வாழ்க்கை இருக்கிறது. மேற்பரப்பில் இலைக்குப்பைக்குள் வாழ்பவை சிறியவை, சிவப்பானவை. மேல்மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாகத் துளைத்து மண்ணைத் தின்று வாழ்பவை வெளிறியவை. மூன்றாம் வகை செங்குத்தாக ஆழமாக வளை தோண்டி, இரவில் மேலே வந்து குப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வகையும் இல்லாமல் போவதற்குக் காரணம் வேறு. மேல்வகை இல்லையென்றால் நிலத்தில் மூடாக்கு இல்லை. ஆழத்துவகை இல்லையென்றால் உழவு மிஞ்சியிருக்கிறது, நிலையான வளைகள் ஒவ்வொரு உழவிலும் அறுபடுகின்றன.

2018 வசந்தத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜாக்கி ஸ்ட்ரௌட் இந்த வேறுபாட்டை விவசாயிகள் கையிலேயே கொடுத்தார். வயலுக்குப் பத்துக் குழி, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் கன சதுரம், மொத்தம் ஒரு மணி நேர வேலை. விவசாயிகள் தோண்டி, வகை பிரித்து, எண்ணி அனுப்பினார்கள். 1,300 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தின் கணக்கு சேர்ந்தது. சராசரி, குழிக்கு ஒன்பது புழு. நல்ல வயல்களில் அதைப்போல மூன்று மடங்கு. 42 சதவீத வயல்கள் அளவுக்கு மீறிய உழவால் கெட்டுப்போகும் நிலையில் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பங்கெடுத்தவர்களில் 57 சதவீதம் பேர் இனித் தங்கள் மண்ணை நடத்தும் முறையை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஆய்வு முடிவை யாரோ வந்து சொல்லியிருந்தால் இத்தனை பேர் மாறியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தன் கையால் தோண்டிய குழி வெறுமையாக இருப்பதைப் பார்ப்பது வேறு.

அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. அது குளிர்ந்த, ஈர மண். நம்முடைய புழுக்கள், எங்கும் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மொரிட்டி உட்பட, கோடையில் ஆழத்துக்குப் போய் ஒடுங்கிவிடும். சித்திரையில் தோண்டிவிட்டுப் புழுவே இல்லை என்று சொல்வதில் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழை நனைத்த பிறகு, கார்த்திகை வாக்கில் பார்க்க வேண்டும். சேறடித்துத் தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் நிலத்து மண்புழு அதிகம் கிடைக்காது, அங்கே சிலந்தியையும் தட்டானையும் நம்புவதே சரி. மண்புழு தோட்டக்காலுக்கும் தோப்புக்கும் உரிய சுட்டி. இன்னொன்று: மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவும் ஐரோப்பியச் சிவப்புப் புழுவும் மட்கும் குப்பையில் வாழ்பவை. தொட்டியில் அவை கொழிப்பதை வைத்து நிலம் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளூர்ப் புழுக்களின் அருமையைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவந்தவர் சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில்.

புழு நிறைய இருந்தாலே மண் நலம் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. பிரேசிலின் மனாஸ் நகரத்துக்கு அருகே அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் பொன்டோஸ்கோலெக்ஸ் என்ற புழு ஏராளமாகப் பெருகியது. காட்டில் இருந்த மற்ற மண் உயிர்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் அது கழித்த மண் நெருக்கமாகப் படிந்து, நுண்துளைகளை அடைத்து, தண்ணீர் இறங்காத இறுகிய மேலோடாக மாறியது. 1999இல் நேச்சர் இதழில் வந்த செய்தி இது. இதே புழு நம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறது. அங்கே 1990களில் சம்பல்பூர் பல்கலைக்கழகத்தின் சேனாபதியும் பிரெஞ்சு ஆய்வாளர் பாட்ரிக் லவேலும் தேயிலை வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி, கவாத்துக் கழிவும் பிற மட்கும் பொருட்களும் நிரப்பி, புழுக்களை விட்டார்கள். ரசாயன உரம் எவ்வளவு கொட்டியும் உயராமல் நின்றிருந்த மகசூல் கணிசமாக உயர்ந்தது. மனாஸில் மண்ணைக் கெடுத்த புழு வால்பாறையில் உதவியதற்கு, அதற்குக் கிடைத்த தீனியும் கூட இருந்த உயிர்களும் காரணம். அதனால் எத்தனை புழு என்பதோடு எத்தனை வகை உயிர் என்றும் கேட்க வேண்டும்.

மானாவாரிக் கரிசலில், செம்மண் மேட்டில், மண்புழு எப்போதுமே குறைவு. அங்கே அந்த வேலையை எறும்பும் கரையானும் செய்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலங்களில், எறும்பும் கரையானும் இருந்த பகுதிகளின் விளைச்சல் அவற்றை அகற்றிய பகுதிகளைவிட 36 சதவீதம் கூடுதல் என்று தியோடர் எவன்ஸ் குழு 2011இல் காட்டியது. வளைகள் வழியாக மழைநீர் உள்ளே இறங்கியது, மண்ணில் தழைச்சத்தும் கூடியது. கரையானைக் கண்டதும் மருந்தைத் தேடும் நம் வழக்கத்தை இது கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் இன்னொரு சுட்டி சாண வண்டு. குடற்புழு நீக்க மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியேறி, அதைத் தின்னும் வண்டின் குஞ்சுகளைக் கொல்கிறது. வண்டில்லாத சாணம் நாள்கணக்கில் காய்ந்து வறட்டியாகக் கிடக்கும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத உயிர்களை வெளியே கொண்டுவர ஒரு புனலும் ஒரு பல்பும் போதும். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905இல் தொடங்கிவைத்த முறை இது, பல்பு பின்னால் சேர்ந்தது. சல்லடை வைத்த புனலில் மண்ணைப் போட்டு மேலிருந்து சூடு காட்டினால், மண் மேலிருந்து காயக் காய உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, அடியில் வைத்த குப்பியில் விழும். சிலந்திப்பேன்களின் உறவினரான மண் உண்ணிகளும், வாலைச் சுண்டித் துள்ளும் ஸ்பிரிங்டெயில்களும், பூரான் குஞ்சு போன்றவையும் கிடைக்கும். பார்மா பல்கலைக்கழகத்தின் பரிசி இவற்றுக்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். மண்ணின் இருட்டில் காலங்காலமாக வாழ்ந்து கண்ணையும் நிறத்தையும் இழந்த உயிருக்கு 20, மேற்பரப்பில் ஓடித் திரியும் உயிருக்கு 1. குருட்டு உயிர்களால் தப்பி ஓட முடியாது. அவை இருக்கிற மண்ணை நெடுநாளாக யாரும் கலைக்கவில்லை என்று நம்பலாம். இனத்தின் பெயரே தெரியாமல் உடலமைப்பை மட்டும் பார்த்து மதிப்பிட முடிவதால், பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய முறை.

நூற்புழுக்களை நாம் வேர்முடிச்சு நோயோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். பெரும்பாலான நூற்புழுக்கள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று சத்தை வேருக்கு விடுவிப்பவை. நெதர்லாந்தின் டாம் போங்கர்ஸ் 1990இல் அவற்றை ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்தினார். எருவிட்டதும் சில நாட்களில் பெருகுபவை ஒன்றில், நிதானமாக வளர்ந்து சிறு தொந்தரவுக்கும் மறைந்துவிடுபவை ஐந்தில். சராசரியைக் கணக்கிட்டால் அந்த மண் அண்மையில் கலைக்கப்பட்டதா என்று தெரிகிறது. இதற்கு நுண்ணோக்கியும் பயிற்சியும் வேண்டும் என்பதால் உழவர் தானே செய்ய முடியாது. நம் வேளாண் கல்லூரிகள் செய்துதர முடியும்.

மண்வள அட்டையில் பதின்மூன்றாவது கட்டமாக ஓர் உயிர்க் கணக்கு சேர்க்கப்பட வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெல் நட்டு மூன்று வாரம் ஆனதும், மருந்துக்கடைக்குப் போகும் முன், வயலில் குறுக்காக நடந்து இருபது குத்துகளின் அடியைப் பிரித்துச் சிலந்தியை எண்ணுங்கள். தோட்டக்காலாக இருந்தால் நல்ல மழைக்கு ஒரு வாரம் கழித்து, காலையில், வயல் நடுவில் ஐந்து குழியும் உழாத வரப்போரத்தில் இரண்டு குழியும் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிப் பிரித்துப் புழுவை எண்ணுங்கள். ஆழத்தில் இருப்பவை வேண்டுமானால் குழியில் கடுகுப் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றினால் மேலே வரும். வரப்போரத்துக்கும் நடு வயலுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் நிலத்தின் முதல் அளவு. அதை அட்டையின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் மறுபடியும் தோண்டுங்கள்.